மனசுக்கு ஒரு பள்ளியறை பூஜை!

ஜவ்வாது மலை. ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கு ஏறும் காட்டுப் பாதை. இரவு எட்டு மணி இருக்கும். ஒரு வளைவில் வண்டியை நிறுத்தி, விளக்கை அணைத்தார் டிரைவர். 'இப்ப மேலே பாருங்கம்மா' என்றார். அண்ணாந்து பார்த்தேன்... அடடா! வானம் முழுக்க நட்சத்திரங்கள்!

இந்தக் காவலூரில்தான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி கொண்ட பெரிய தொலைநோக்கி 1986-ல் இங்கே திறக்கப்பட்டது. நகரத்து வெளிச்சம் எட்டாத இருட்டு இருப்பதால்தான் இங்கே வானத்தை ஆராய முடிகிறது. விளக்கு அணைந்தால்தானே நட்சத்திரம் தெரியும்!

அன்றிரவு மலையிலேயே தங்கினேன். இதமான குளிர், அமைதி. ஆனால், தூக்கம் மட்டும் வரவில்லை. வெளியே அத்தனை இருட்டு. மனசுக்குள்ளே மட்டும் ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது! பையனின் பரீட்சை, மாமியாரின் மாத்திரை, காலையில் யார் பால் வாங்குவார்கள் என்ற கவலை...

சகோதரிகளே, உங்களுக்கும் இப்படித்தானே? வீட்டில் கடைசியாகப் படுப்பதும் நாம்தான். படுத்த பிறகும் விழித்திருப்பதும் நாம்தான்!

அப்போதுதான் அன்று மதியம் வழியில் தரிசித்த பெருமாள் நினைவுக்கு வந்தார். வேலூரை அடுத்த பள்ளிகொண்டாவில், பாலாற்றங்கரையில் பாம்பணையில் சயனித்திருக்கும் உத்தர ரங்கநாதர்! அவருடைய உறக்கத்தை நம் பெரியோர்கள் 'அறிதுயில்' என்பார்கள். எல்லாம் அறிந்தபடியே கொள்ளும் துயில். வடமொழியில் அதற்குப் பெயர் யோக நித்திரை.

நியாசத்தில் பிறந்த நித்திரை

இதே பெயரில் ஓர் எளிய பயிற்சியை நமக்கு வகுத்துத் தந்தவர் சுவாமி சத்யானந்த சரஸ்வதி. பீகார் மாநிலம் முங்கேரில் யோகப் பள்ளியை நிறுவியவர். இவருடைய குருநாதர் யார் தெரியுமா? ரிஷிகேசத்து சுவாமி சிவானந்தர். 1887-ல் நம் திருநெல்வேலிச் சீமையில், பாய்க்குப் பெயர்போன பத்தமடையில் பிறந்த மகான்!

லலிதா சகஸ்ரநாமம் பாராயணம் செய்யும்முன் சிலர் நியாசம் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கட்டைவிரலில் தொடங்கி, ஒவ்வொரு விரலாக, உள்ளங்கை, புறங்கை என்று மந்திரம் சொல்லித் தொட்டு, உடம்பையே தெய்வத்துக்கு இருப்பிடமாக்கும் சடங்கு அது. நியாசம் என்றால் 'வைத்தல்' என்று பொருள். இந்தத் தாந்திரிக முறையை ஆராய்ந்துதான், யாவரும் செய்யக்கூடிய யோக நித்திரையை உருவாக்கினார் சத்யானந்தர். கையால் தொடுவதற்குப் பதில் மனதால் தொடுவது, அவ்வளவுதான்!

எப்படிச் செய்வது?

பாயிலோ மெத்தையிலோ மல்லாந்து படுங்கள். கைகள் உடம்பை ஒட்டாமல், உள்ளங்கை மேல்நோக்கி இருக்கட்டும். கண்களை மூடி, ஒரு சின்ன சங்கல்பம் செய்துகொள்ளுங்கள். பிறகு வலது கட்டைவிரலை மனதால் தொடுங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல், உள்ளங்கை, மணிக்கட்டு, முழங்கை, தோள், இடுப்பு, தொடை, முழங்கால், பாதம், கால்விரல்கள் என்று மெல்ல இறங்குங்கள். எங்கும் நின்று யோசிக்க வேண்டாம். அடுத்து இடப்பக்கம், முதுகு, முகம். பிறகு மூச்சைக் கவனித்தபடி 27-லிருந்து 1 வரை பின்னோக்கி எண்ணுங்கள். எண்ணிக்கை தவறினால் கவலை இல்லை, மறுபடி 27!

ஆரம்பத்தில் வேறொருவர் சொல்லச் சொல்லச் செய்வது சுலபம். மகளையோ, கணவரையோ நிதானமாகப் படிக்கச் சொல்லிப் பதிவுசெய்து வைத்துக்கொள்ளலாம்.

முறைப்படி யோக நித்திரையில் உறங்கிவிடாமல் விழிப்போடு இருக்க வேண்டும். ஆனால், இரவில் தூக்கத்துக்காகச் செய்யும்போது நடுவிலேயே உறங்கிப்போனால் தவறே இல்லை. 'தூங்கியே ஆக வேண்டும்' என்று மல்லுக்கட்டினால் தூக்கம் ஓடிவிடும். உடம்பைத் தளர்த்திக் காத்திருந்தால், அதுவே வந்து அணைத்துக்கொள்ளும். நாள்பட்ட தூக்கமின்மை உள்ளவர்களுக்கு இந்தப் பயிற்சி பலன் தந்ததாக, நம் நாட்டு மருத்துவ ஆய்வு ஒன்று 2021-ல் வெளியாகியிருக்கிறது. சிறிய ஆய்வுதான் என்றாலும் நம்பிக்கை தருகிறது.

ஒரு வார்த்தை. வாரத்தில் மூன்று நாளாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். குறட்டையோடு மூச்சுத் திணறல், விடாத மனச்சோர்வு இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். சாப்பிட்டு வரும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். தெய்வம் வைத்தியர் வடிவிலும் வரும்!

சுவாமிக்கே ஓய்வு உண்டு!

சிவன் கோயில்களில் அர்த்தஜாம பூஜை பார்த்திருக்கிறீர்களா? சுவாமியைப் பல்லக்கில் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்து, பால் நிவேதனம் செய்து, பாட்டுப் பாடி, கதவைச் சார்த்துவார்கள். உலகையே காக்கும் ஈசனுக்கே நாளின் முடிவில் ஒரு பள்ளியறை! அதை எத்தனை முறை கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டிருப்போம்? நமக்கென்று அரை மணி நேரம் ஒதுக்க மட்டும் ஏன் குற்ற உணர்ச்சி?

அன்று ஜவ்வாது மலையில் நானும் வலது கட்டைவிரலில் தொடங்கினேன். 'இந்தக் கை இன்று செய்தது போதும் பெருமாளே, இனி உன் பொறுப்பு' என்று ஒவ்வோர் உறுப்பாக ஒப்படைத்தேன். இடது பாதம் வரை போனது நினைவிருக்கிறது. அப்புறம் பறவைச் சத்தம்தான் எழுப்பியது!

பால் விஷயம்? வீட்டில் யாரோ வாங்கிவிட்டிருந்தார்கள்!

இன்றிரவு அடுப்படி விளக்கை அணைத்ததும் மனசின் விளக்கையும் அணையுங்கள், சகோதரிகளே. நீங்கள் உறங்கும் நேரத்தில் உங்கள் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ள அறிதுயில் கொண்டவன் ஒருவன் இருக்கிறான்!