தூபக்காலில் இடும் கட்டை



எண்வகை அருச்சனையில் நீர், சந்தனம், அக்கதை, மலர், நிவேதனம், தீபம் ஆகியவற்றின் பின் ஏழாவதாக வருவது தூபம். ஞானாவரணீயம் முதல் அந்தராயம் ஈறாகவுள்ள எண்வினைகளும் எரிந்தொழிக என்னும் பாவனையோடு அதனை இடுகின்றோம். விருப்பு வெறுப்பற்ற அருகனுக்கு நறுமணத்தால் ஆவது ஒன்றுமில்லை. பாவனை நமக்கே உரியது. அந்தப் புகைக்குள் ஓர் உயிரின் துன்பம் கலந்திருக்குமாயின், வினையை எரிக்கப் போய் வினையைக் கட்டிக்கொண்டு திரும்பியவர்கள் ஆவோம். ஆதலின் தூபக்காலில் இடும் கட்டை எங்கிருந்து வந்தது என்று கேட்பதும் வழிபாட்டின் பகுதியே.

அகிலை எடுத்துக்கொள்வோம். அம்மரத்தின் வெண்கட்டைக்கு மணமில்லை. புழு துளைத்தோ கிளை முறிந்தோ காயம்பட்டு, அதில் பூஞ்சை பற்றும்போது, தன்னைக் காத்துக்கொள்ள மரம் பிசினைச் சுரக்கின்றது. கட்டை கறுப்பதும், நீரில் அமிழும் கனம் பெறுவதும், மணப்பதும் அப்பிசினாலேதான். நாம் போற்றும் நறுமணம் ஓரறிவுயிர் தன் புண்ணுக்கு இட்டுக்கொண்ட மருந்து! பிசின் உள்ளதா இல்லையா என்று அறியாமலே காட்டு மரங்களை வெட்டிச் சாய்த்தமையால், 1995 முதல் அகிலின் பன்னாட்டு வணிகத்திற்குக் கட்டுப்பாடு வந்தது. இன்று தோட்டங்களில் மரத்தைத் துளையிட்டுப் பூஞ்சையைச் செலுத்திப் பிசினை வருவிக்கின்றனர்.

சந்தனத்தின் நிலை வேறு. மணம் வைரத்திலும் வேரிலும் இருப்பதால் அம்மரத்தை வேரோடு அகழ்ந்தே எடுப்பர். வைரம் முற்றப் பல பத்தாண்டுகள் வேண்டும். சவ்வாது மலையிலும் சத்தியமங்கலத்திலும் களவு வெட்டுக்கு இரையான சந்தனங்கள் எத்தனை! களவுப் பொருளைக் கொண்டு பூசித்தால் அசௌரிய விரதம் என்னாவது? உரிய வழியில் வந்த கட்டை விலை மிகும். மலிவாக வருவது பெரும்பாலும் மரத்தூளில் செயற்கை எண்ணெய் ஏற்றியதே.

இவை ஓரறிவுயிர்கள், இல்லறத்தானுக்கு அளவோடு விலக்கு உண்டு. ஆனால் புனுகு கூண்டில் அடைபட்ட பூனையின் சுரப்பு. கஸ்தூரி மானைக் கொன்று எடுத்தது. நறுமணக் கலவைகளில் சேரும் நகம் கடல்நத்தை ஓட்டின் மூடி. தசாங்கத்தைப் பிசையத் தேன் சேர்ப்பாரும் உளர். உண்ணத்தகாத தேன் தூபத்தில் மட்டும் தகுமோ? கலவைத் தூளை விடுத்துத் தனிக்கட்டையை வாங்குவதே நம்மவர்க்கு ஏற்றது என்பது என் துணிவு.

வடநாட்டுத் தேராபந்தியருள் சிலர் தூபத்தைத் தீயிலிடாமல் தட்டிலேயே அர்ப்பணிப்பர். அதனை எள்ளுதல் வேண்டா. அவர்கள் கண்முன் நிற்பது தீயில் விழும் சிற்றுயிர்.

இனி அளவைப் பற்றி. திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே துறையூர்ச் சாலையில் திருவெள்ளறை உள்ளது. அங்கே பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்து மார்ப்பிடுகு பெருங்கிணறு சுவஸ்திக வடிவில் நான்கு புறமும் படிகளோடு விளங்குகின்றது. ஊர் வைணவத் திருப்பதி. கிணற்றை நம்முடையது என்று உரிமை கொண்டாட வரவில்லை. ஆயினும் அரிசியால் நாற்கதிச் சுவஸ்திகம் இடும் நம் கண் அவ்வடிவைக் கண்டதும் நின்றுவிடுகின்றது. கிணற்றுச் சுவரில் பொறித்த தமிழ்ப் பாடலொன்று, நிலையாத உலகின்மேல் காதல் வைத்து நிற்காதே, மூப்பு வந்து தளர்த்துமுன் உனக்கு வேண்டியதை உண்டு மிக்கதை உலகிற்கு வைத்துவிடு என்கிறது. பரிக்கிரகப் பரிமாணத்தை இதனினும் எளிதாகச் சொல்ல இயலுமா?

சுகந்த தசமியன்று கட்டைகளைக் குவித்து, ஆலயமே கண்ணெரியும்படி புகைப்பதைப் பார்க்கின்றோம். அந்நாள் தசலட்சண பருவத்தின் ஆறாம் நாள். உத்தம சம்யமத்திற்குரிய நாள்! மூச்சிரைப்பு நோயுள்ள முதியோர் வாயிலோடு திரும்பிவிடுகின்றனர்.

நகக்கண் அளவு அகில் ஒன்று போதும். சிலப்பதிகார நாடுகாண் காதையில் கவுந்தியடிகள், பறித்திட்ட பூக்குவியலில் வண்டு இருக்கும், அறியாது மிதிப்பீர் என்று கோவலனை எச்சரித்தார். அவர் உறையூருக்குச் சென்ற இவ்வழியில் வாழும் நாம், துளையுள்ள கட்டையைத் தட்டிப் பகலொளியில் பார்த்தே எடுக்க வேண்டும். தணலைச் சாம்பலால் மூடி, அதன்மேல் கட்டையை வையுங்கள். தீப்பற்றினால் பிசின் கருகும். மெல்லச் சூடேறினாலே மணம் வரும். விட்டில் வரும் அந்திக்கு முன் முடித்துவிடுங்கள். தணல் முற்றும் ஆறிய பின்னரே சாம்பலைச் செடியடியில் கொட்டுங்கள். அங்கே எறும்பு ஊர்ந்தால் வேறிடம் பாருங்கள்.