பதினாறுக்குப் பிறகு

(அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டும் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் மணிமேகலை பாடம் கேட்டு வந்தார். மனைவி இறந்தபின் சில மாதங்கள் வராமல் இருந்துவிட்டு, மறுபடியும் வந்த மாலையில் இருவரும் பேசியது இது.)

சீடர்: ஐயா, விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கலாமா? சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் நின்றோம்.

குரு: ஆரம்பிக்கலாம். அதற்கு முன்னால் உன் மனைவியைப் பற்றிச் சொல்.

சீடர்: என்ன சொல்வது ஐயா? காரியம்கூட முடிந்துவிட்டது. நீங்களும் வந்திருந்தீர்கள்.

குரு: வந்தேன். பந்தலில் அத்தனை கூட்டம். எத்தனை இலை போடவேண்டும் என்று உன்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் தோளைத் தொட்டுவிட்டு வந்துவிட்டேன். இப்போது கேட்கிறேன்.

சீடர்: பேசினால் ஆறின புண்ணைக் கிளறுவது மாதிரி ஆகிவிடும் ஐயா. எப்படியோ மூடி வைத்திருக்கிறேன்.

குரு: எங்கே மூடி வைத்திருக்கிறாய்?

சீடர்: தறிக் கொட்டகையில். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் காதில் விழாது. அந்தச் சத்தத்தில் அழுவேன். கரண்ட் போனால் அழுகையை நிறுத்திக்கொள்வேன்.

குரு: ஏன் நிறுத்தவேண்டும்?

சீடர்: கூட வேலை செய்கிறவர்கள் பார்ப்பார்களே. ஆம்பளை அழலாமா என்பார்கள். வீட்டுக்குப் போனால் பெண் பிள்ளை இருக்கிறாள், அவள் முன்னால் அழாதே என்று அக்கா சொல்லியிருக்கிறாள். மாமியார் நகரியிலிருந்து போன் செய்தால் அந்த அம்மாவுக்கு நான் தைரியம் சொல்கிறேன். அழுவதற்குத் தறியை விட்டால் இடமில்லை.

குரு: தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்று வரிசை போடும்போது நகைக்கு அடுத்தபடி அழுகையை வைக்கிறார். அந்த அழுகை பிறக்கும் காரணங்கள் நான்கு என்று சொல்லி, அதில் இழவையும் ஒன்றாகச் சேர்க்கிறார். இது பெண்ணுக்கு, இது ஆணுக்கு என்று அங்கே பிரிக்கவில்லை. சேரமான் ஒருவன், கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை என்பது பெயர், மனைவி சிதையேறிய பிறகும் தான் உயிரோடு இருப்பதை நொந்து பாடியது புறநானூற்றில் இருக்கிறது. பாடியவன் அரசன். அதைத் தொகுத்தவர்கள் வெட்கம் என்று ஒதுக்கவில்லை, ஈராயிரம் ஆண்டு காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

சீடர்: ஆனால் அதே தமிழ்தானே நிலையாமையும் சொல்கிறது? பிறந்தவர் இறப்பார் என்று நீங்களே எத்தனை பாட்டுக்குப் பொருள் சொல்லியிருக்கிறீர்கள். அது தெரிந்தும் அழுதால் படித்ததற்கு என்ன அர்த்தம்?

குரு: நல்ல கேள்வி. விட்ட காதையிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. கோதமையின் கதை. நீயே சொல்லேன், எதுவரை நினைவிருக்கிறது?

சீடர்: கோதமைக்குக் கண் தெரியாது, அவள் கணவனுக்கும் தெரியாது. ஒரே மகன் சார்ங்கலன். அவன் இரவில் சுடுகாட்டுப் பக்கம் தனியாகப் போய், பேய் ஆடுவதைப் பார்த்துப் பயந்து, ஓடிவந்து தாயிடம் சொல்லிவிட்டு உயிரை விடுகிறான். அவள் பிணத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சம்பாபதி தெய்வத்தைக் கூப்பிட்டு முறையிடுகிறாள்.

குரு: தெய்வம் என்ன செய்தது?

சீடர்: நியாயம் சொன்னது. பேயொன்றும் உன் மகனைக் கொல்லவில்லை, அவனுடைய அறியாமையும் ஊழ்வினையும்தான் கொன்றன என்றது. என் உயிரை எடுத்துக்கொண்டு அவன் உயிரைக் கொடு என்று இவள் கேட்டபோது, அப்படி உயிருக்கு உயிர் மாற்ற முடியுமானால் அரசர்களுக்குச் சாவே வராதே என்றது. அப்புறம் சக்கரவாளத்துத் தேவர்கள் எல்லாரையும் வரவழைத்து, போன உயிரை மீட்க ஒருவராலும் ஆகாது என்று காட்டியது.

குரு: உலகத்தில் இதைவிடப் பெரிய சபையில் ஒரு தாய்க்கு நிலையாமை சொல்லப்பட்டதில்லை. தெய்வம் சொன்னதில் பொய் ஒரு துளி கிடையாது. முடிவு என்ன?

சீடர்: கோதமையின் துயரம் நீங்கியது என்கிறார் மணிமேகலை பாடிய சாத்தனார்.

குரு: அதோடு நிறுத்தாதே. மகனைச் சுடலையில் இட்டுவிட்டு அவளும் இறந்தாள் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறார். பாடம் சொன்ன காலமெல்லாம் என்னைத் தடுக்கி நிறுத்துகிற இடம் இது. அவள் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. மறுநாள் காலையில் எழுந்து அடுப்பு மூட்ட ஒரு துணை கிடைக்கவில்லை. தெய்வத்திடம் பேசும்போது தனக்கு யாரும் இல்லை என்று அவளே சொல்கிறாள். அந்த நடு இரவில் அவளோடு கூட வந்தவர் ஒருவருமில்லை. வீட்டில் இருக்கும் கண்ணில்லாத கிழவருக்கு மகனும் மனைவியும் போன செய்தியை யார் போய்ச் சொன்னார்கள்? காப்பியம் அதைச் சொல்லவில்லை.

சீடர்: நான் இப்படி யோசித்ததே இல்லை ஐயா.

குரு: இன்னொரு கோதமி இருக்கிறாள். பௌத்த நூல்கள் சொல்லும் கிசா கோதமி, சிராவத்தி நகரத்துக்காரி. கதை உனக்குத் தெரியும்.

சீடர்: செத்த குழந்தைக்கு மருந்து கேட்டாள். சாவு விழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வா என்றார் புத்தர். ஒரு வீடும் அகப்படவில்லை. சாவு எல்லாருக்கும் பொது என்று தெரிந்துகொண்டாள்.

குரு: அந்த ஒரு வரியைச் சொல்லத்தான் என்றால், சம்பாபதி மாதிரி புத்தரே சொல்லியிருக்கலாமே. ஏன் வீடு வீடாக அனுப்பினார்?

சீடர்: தானே உணரட்டும் என்று.

குரு: அதுவும்தான். கூடவே ஒன்றை யோசித்துப் பார். அவள் கதவைத் தட்டி, உங்கள் வீட்டில் யாராவது இறந்திருக்கிறார்களா என்று கேட்கிறாள். திறந்தவர்கள் பதில் சொல்லவேண்டும். என் தகப்பனார் போனார் என்று ஒருத்தி சொல்லியிருப்பாள், இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தேன் என்று அடுத்த வீட்டுக்காரி சொல்லியிருப்பாள். அன்று அந்த ஊரே தன் சாவுகளை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறது. பித்துப் பிடித்தவளாகப் புறப்பட்டவள் எல்லாருடைய துக்கத்தையும் கேட்டுவிட்டுத் திரும்பினாள். அதற்கப்புறம் அவள் வாழ்ந்தாள், பிக்குணியானாள். மணிமேகலைக் கோதமைக்குக் கிடைத்தது உண்மை. இவளுக்கு அந்த உண்மையோடு ஒரு தெருவும் கிடைத்தது. பெயர்கூட ஒன்றுதான், பார்.

சீடர்: நம் ஊரில் மட்டும் தெரு இல்லையா ஐயா? என் மனைவி போன அன்று தெருவில் ஒரு தறி ஓடவில்லை. மாமியார் தெலுங்கில் ஒப்பாரி வைத்தாள். எங்கள் அத்தைமார்கள் தமிழில் வைத்தார்கள். ஒருவர் பாட்டு மற்றவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஆனாலும் தோளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

குரு: அந்த வட்டத்தில் உட்கார்ந்தவர்கள் உன் மனைவிக்காக மட்டுமா அழுதார்கள்? ஒவ்வொருத்தியும் தன் வீட்டுச் சாவையும் நினைத்துத்தான் அழுதாள். புகுந்த வீட்டுக் குறையைக்கூட ஒப்பாரியில் வெளிப்படையாகச் சொல்ல முடியும், அன்றைக்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அது பெரிய ஏற்பாடு. இன்று வாடகைக்கு மைக்செட் வைத்து, பதிவு செய்த பாட்டைப் போட்டுவிட்டு உறவுக்காரர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்த வட்டம் நன்றாக இருந்த காலத்திலும் ஆண்கள் வெளியே பந்தலில்தான் உட்கார்ந்திருந்தோம். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பதினாறாம் நாளோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. பதினேழாம் நாள் யார் வந்தார்கள்?

சீடர்: யாரும் வரவில்லை. தறிதான் ஓட ஆரம்பித்தது.

குரு: எல்லோரையும் போல நானும் வரவில்லை. இந்தப் பதினாறாம் நாளையே ஆயுதமாக்கி, பூவையும் பொட்டையும் பறித்துப் பெண்ணை மூலையில் உட்கார வைத்த கொடுமையையும் நம் மக்கள் செய்தார்கள். அதைச் சடங்கு என்று நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். நாம் காப்பாற்றவேண்டியது, துக்கம் கேட்கப் போவதை. அதையும் நாள் கணக்கு வைத்து நிறுத்திவிடாமல் செய்யவேண்டும்.

சீடர்: திருத்தணிகை மலைக்குப் போய் வா, மனசு ஆறும் என்றார்கள். 365 படியும் ஏறினேன். ஏறும்போது கொஞ்சம் ஆறியது. இறங்கும்போது எல்லாம் திரும்பி வந்துவிட்டது.

குரு: கந்த சஷ்டிக்கு முருகன் கோயில்களில் எல்லாம் சூரசம்காரம் நடக்கும்போது தணிகையில் மட்டும் அது இல்லை, புஷ்பாஞ்சலி செய்கிறார்கள். முருகன் போரின் சினம் தணிந்து அமர்ந்த இடம் என்பது ஐதீகம். போர் எங்கே நடந்தது? திருச்செந்தூரில். தமிழ்நாட்டின் தெற்குக் கரையில் முடிந்த போரின் சூடு, ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் தணிந்தது என்று நம் முன்னோர் கதை வைத்திருக்கிறார்கள். முருகனுக்கே இத்தனை தூரம் கொடுத்தார்கள். உனக்குச் சில மாதங்கள் போதுமென்று யார் கணக்குப் போட்டது?

சீடர்: இன்னொன்று ஐயா. நான் போய்ச் சொன்னால் கேட்கிறவர்களுக்கும் பாரம்தானே? அவரவர்க்கு ஆயிரம் கஷ்டம்.

குரு: இந்தத் திண்ணையில் எத்தனை வருடமாக உட்கார்கிறாய்? உள்சுவரில் ஒரு பையன் படம் மாட்டியிருக்கிறது. பார்த்திருக்கிறாயா?

சீடர்: பார்த்திருக்கிறேன். உங்கள் மகன் என்று ஊரில் சொல்வார்கள்.

குரு: அவனைப் பற்றி என்னிடம் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

சீடர்: கேட்டால் உங்கள் மனம் கஷ்டப்படும் என்றுதான்.

குரு: நீ கேட்காததால் கஷ்டம் இல்லாமல் போய்விட்டதா? அவன் பெயரை யாராவது உச்சரிக்கமாட்டார்களா என்று நானும் அவன் அம்மாவும் ஏங்கிய நாட்கள் உண்டு. பெயரைச் சொன்னால் அழுவோம்தான். சொல்லாவிட்டால், அவன் பிறக்கவே இல்லை என்பது போல ஆகிவிடுகிறது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் பெற்றோர்கள் பிள்ளைகளின் படங்களை வைத்து, விளக்கேற்றிக் கூடுகிறார்கள். பக்கத்தில் நிற்கிறவருக்கும் அதே இழப்பு, யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. அதைவிடக் கொடுமை இலங்கையின் கிளிநொச்சியில். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் 2017 பிப்ரவரியிலிருந்து வீதியில் உட்கார்ந்து போராடுகிறார்கள். உடல் கிடைக்காததால் அவர்களால் பதினாறு வைக்க முடியவில்லை. உயிரோடு இருக்கிறானா, இல்லையா என்றே தெரியாமல், படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் துணையாக இருக்கிறார்கள்.

சீடர்: அப்படியானால் எல்லோரும் கட்டாயம் பேசித்தான் ஆகவேண்டுமா?

குரு: கட்டாயப்படுத்தக்கூடாது. பேரிடரில் தப்பியவர்களை உடனே உட்காரவைத்து நடந்ததை எல்லாம் சொல்லச்சொல்வது நல்லதல்ல என்று உலக சுகாதார நிறுவனமே எச்சரித்திருக்கிறது. பக்கத்தில் இரு, என்ன தேவை என்று பார், சொன்னால் கேள், உதவி கிடைக்கும் இடத்தைக் காட்டு, அவ்வளவுதான். சிலர் பேசமாட்டார்கள், ஒரு வாய்க் காப்பியைக் குடித்துவிட்டுச் சும்மா இருப்பார்கள். இருக்கட்டும். பேசலாம் என்கிற கதவு திறந்திருந்தால் போதும்.

சீடர்: பிள்ளையிடம் என்ன சொல்வது? அம்மா சாமியிடம் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறோம். எப்போது திரும்பி வருவாள் என்று கேட்கிறாள்.

குரு: அம்மா இறந்துவிட்டாள், திரும்பி வரமாட்டாள் என்று உன் வாயால் சொல். தூங்குகிறாள் என்று சொன்னால் பிள்ளை தூங்கப் பயப்படும். சாமி எடுத்துக்கொண்டார் என்று சொன்னால் கோயிலுக்கு வர மறுக்கும். உன் மேல் தப்பில்லை என்றும் சேர்த்துச் சொல். கோபத்தில் எப்போதோ சொன்ன ஒரு வார்த்தையால்தான் அம்மா போய்விட்டாள் என்று பிள்ளைகள் உள்ளுக்குள் நினைப்பதுண்டு. அவள் முன்னால் நீ அழலாம். அப்பாவும் அம்மாவைத் தேடுகிறார் என்று அவளுக்குத் தெரியட்டும்.

சரி, இன்னொன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். செத்துவிடலாம் என்று உனக்குத் தோன்றுகிறதா?

சீடர்: ... முதல் மாதம் தோன்றியது ஐயா. இப்போது இல்லை. கோதமையும் இறந்தாள் என்று நீங்கள் சொன்னபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

குரு: சொன்னாயே, அது போதும். இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்காமல் விடுவதில்தான் ஆபத்து. மறுபடி தோன்றினால் நள்ளிரவானாலும் இந்தக் கதவைத் தட்டு. என்னிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் 14416க்குப் போன் செய். டெலி மானஸ் என்று 2022இல் தொடங்கிய அரசுச் சேவை, இரவும் பகலும் உண்டு, தமிழில் பேசலாம், காசு கிடையாது. தமிழ்நாட்டில் 104 எண்ணும் இருக்கிறது. சென்னையில் சிநேகா அமைப்பு 1986லிருந்து இதற்காகவே போனை எடுத்துக்கொண்டிருக்கிறது. மாதங்கள் போயும் ஏக்கம் துளியும் குறையாமல், வேலை, சாப்பாடு, பிள்ளை எதிலுமே கை ஓடவில்லை என்றால் மருத்துவரிடம் போகவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே நீடித்த துக்கத்துக்குத் தனி இடம் கொடுத்துவிட்டார்கள், ஆறு மாதத்துக்கு மேல் இப்படி முடக்கிப்போட்டால் சிகிச்சை வேண்டும் என்று. அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

சீடர்: சரி ஐயா. சொல்லட்டுமா, அவளைப் பற்றி?

குரு: அதற்குத்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

சீடர்: கோபம் வந்தால் தெலுங்குக்கு மாறிவிடுவாள். நூல் அறுந்ததைத் தூரத்திலிருந்தே சத்தத்தில் கண்டுபிடிப்பாள். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில், பிள்ளைக்குத் தலை பின்னத் தெரியுமா என்று என்னிடம் கேட்டாள். தெரியாது என்றேன். அங்கேயே படுத்தபடி சொல்லிக்கொடுத்தாள். இப்போது தினமும் நான்தான் பின்னிவிடுகிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

குரு: பிள்ளையிடம் சொல். அது அவளுக்குச் சேரவேண்டிய சொத்து.

சீடர்: சொல்கிறேன். காதையை என்றைக்குத் தொடரலாம் ஐயா?

குரு: அடுத்த வாரம். அதற்குள் ஒரு வேலை செய். உன் தெருவில் இந்த வருடம் சாவு விழுந்த வீடுகள் எவை என்று உனக்குத் தெரியும். பதினாறு முடிந்து பல மாதம் ஆன வீடாகப் பார்த்துப் போ. காரணம் எதுவும் வேண்டாம், உட்கார். இறந்தவர் பெயரைச் சொல்லிக் கேள்.