யாருடைய பொருளில் சிக்கனம்?

விலைவாசி ஏறினால் வீட்டில் முதலில் மாறுவது மாதச் சாமான் பட்டியல்தான். கடலை எண்ணெய் பாமாயிலாகிறது. பாக்கெட் மசாலாவுக்குப் பதில் மிளகாயும் மல்லியும் வாங்கி மில்லில் அரைக்கிறோம். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைப்பதால்தான், தமிழ்நாட்டில் பல வீட்டுச் சாம்பாரில் மாதக் கடைசியிலும் பருப்பு தட்டுப்படுகிறது.

எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதும் நமக்கு ஓரளவு தெரியும். 500 மில்லிகிராம் பாராசிட்டமால் எந்தப் பெயரில் வந்தாலும் மருந்து அதேதான். 2008-இல் தொடங்கிய மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் அந்த அடிப்படையில்தான் குறைந்த விலைக்கு விற்கின்றன. ஆனால் சுவருக்குள் ஓடும் ஒயரிலும், தலையில் மாட்டும் ஹெல்மெட்டிலும் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத மலிவைத் தொடக் கூடாது. மழைக்காலம் தாங்காத செருப்பை வருஷத்துக்கு மூன்று முறை வாங்குவதும் சிக்கனமில்லை.

இவ்வளவு கணக்குப் பார்க்கும் நாம், யாருடைய பொருளில் கை வைக்கிறோம் என்று மட்டும் பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டில் பணமுடை வந்தபோது காப்பித்தூளில் சிக்கரியைக் கூட்டினார்கள். கசப்பை எல்லோரும் சேர்ந்தே குடித்தோம். இன்னும் நெருக்கியபோது முதல் டிகாஷன் எங்களுக்கு என்றும், இரண்டாம் டிகாஷன் அம்மாவுக்கு என்றும் ஆனது. யாரும் சொல்லி அப்படி ஆகவில்லை. "எனக்கு இதுவே போதும்ப்பா" என்று அம்மா சொன்னதை நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம்.

இன்றும் பல வீடுகளில் பையனின் டேட்டா ரீசார்ஜுக்கும் அப்பாவின் பெட்ரோலுக்கும் பணம் ஒதுக்கிய பிறகே மிச்சம் பிடிப்பது பற்றிய பேச்சு தொடங்குகிறது. அதற்குப் பிறகு குறைக்க என்ன இருக்கும்? அம்மாவின் புடவை, அம்மாவின் மூக்குக் கண்ணாடி, மூட்டு வலிக்கு அவர் போட வேண்டிய மாத்திரை. அவர் வாயே திறப்பதில்லை என்பதால் அந்தக் குறைப்பு யாருக்கும் உறுத்துவதுமில்லை.

அடுத்த மாதம் பட்டியல் போடும்போது, விலை குறைந்ததாக மாற்றப்போகும் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதைப் பயன்படுத்துபவர் பெயரையும் எழுதிப் பார்க்கலாம். எல்லோர் பெயரும் வந்தால் அது குடும்பச் சிக்கனம். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், வீட்டின் முடை முழுவதையும் ஒருவர் தலையில் கட்டியிருக்கிறோம் என்று பொருள்.