கழுவியவர் மட்டுந்தானா குற்றவாளி?

பெருஞ் செல்வர்கள் தமக்கெனச் சொந்தமாக வைத்திருக்கும் ஆகாய விமானங்களைக் கழுவித் துடைத்துப் பளபளப்பாக்குவதையே தொழிலாகக் கொண்டோர் உலகில் உளர். அமெரிக்காவில் நியூ ஜேர்சி மாநிலத்து ரெற்றர்பரோ, கலிபோர்ணியாவின் வான் நைஸ் போன்ற விமான நிலையங்களில் இவர்களுக்கு ஓய்வு குறைவு. அங்கு தனியார் ஜெட் விமானங்கள் பல வந்திறங்குகின்றன. முதலாளி இறங்கிப் போனதும் இவர்கள் வாளியும் துணியுமாக வந்து சேருவர். அடுத்த பயணத்துக்கு முன், பல வேளைகளில் இரவோடிரவாக, வேலை முடிந்தாக வேண்டும்.

இதைக் கேட்டதும் நம்மிற் பலருக்கு ஒரு கேள்வி எழும். உலகில் இத்தனை பேர் பசித்திருக்க, ஒரு தனி மனிதருடைய விமானத்துக்கு மெழுகு பூசுவதும் ஒரு வேலையா? கேள்வி நியாயமானதே. ஆனால் அது விமானத்தை வாங்கியவரிடம் கேட்க வேண்டியது. துணியேந்தி நிற்பவரிடம் கேட்க வேண்டியதன்று. அவர் தம் பிள்ளைகளுக்குச் சோறு தேடி வந்தவர். அவரைக் குறித்து நாம் ஆராய வேண்டிய கேள்வி வேறு. அவருடைய கை தவறினால் அந்தத் தவறு எவ்வளவு தூரம் அவருடையது என்பதே அது.

முதலில் இந்த வேலையைச் சற்று விளங்கிக்கொள்வோம். வாசலில் நிற்கும் காரைக் கழுவுவது போன்றதன்று இது. தனியார் விமானங்களின் யன்னல்கள் பெரும்பாலும் கண்ணாடியல்ல. அக்ரிலிக் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக். வீட்டில் கண்ணாடி துடைக்கும் அமோனியா கலந்த திரவத்தை அதிலே தெளித்தால், நாளடைவில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். இறக்கையின் முன் விளிம்பும் இயந்திரத்தின் வாய் வளையமும் பல விமானங்களில் பெயின்ற் பூசப்படாத வெறும் உலோகம். அவற்றை முகம் தெரியும்படி மினுக்கிக் கொடுப்பதில்தான் தொழிலாளியின் பெயர் இருக்கிறது. ஆயினும் உலோகத்தை மினுக்குவது என்றால் அதன் மேற்பரப்பைச் சிறிது சிறிதாகத் தேய்த்து எடுப்பது என்றே பொருள். பெயின்ற் இல்லாத பழைய விமானங்களின் அலுமினியத் தகடுகளில், அரிப்பைத் தடுப்பதற்கென்றே தூய அலுமினியத்தாலான மெல்லிய படலமொன்று உண்டு. அளவு தெரியாமல் மினுக்குபவர் அந்தக் காவலையே தேய்த்துவிடுவார். சக்கரங்களின் பக்கம் நீரை வேகமாகப் பாய்ச்சினாலோ, கிறீஸ் கழுவுண்டு போக, நீர் உள்ளே புகுந்துகொள்ளும்.

அமெரிக்காவில் ஒரு விமானத்தைத் திருத்தி, அது பறக்கத் தகுந்தது எனக் கையொப்பமிடுபவருக்கு அரசாங்கச் சான்றிதழ் வேண்டும். வெளிப்புறத்தைக் கழுவுபவருக்கு அப்படியொன்றும் வேண்டியதில்லை. கழுவுவதால் என்ன வந்துவிடப் போகிறது என்ற எண்ணமே இதற்குள் இருக்கிறது போலும்.

என்ன வரும் என்பதை 1996ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் திகதி உலகம் கண்டது. அது தனியார் விமானமன்று, பயணிகள் விமானம்; ஆனால் வேலை இதே வேலை. பெரு நாட்டின் லீமா நகரில் ஏரோபெரு கம்பனியின் போயிங் 757 விமானம் ஒன்றைத் தொழிலாளர் கழுவி மினுக்கினர். விமானத்தின் பக்கவாட்டில், முன்பகுதியில், வெளிக்காற்றின் அழுத்தத்தை அறியும் சிறு துவாரங்கள் உண்டு. உயரத்தையும் வேகத்தையும் காட்டும் கருவிகள் யாவும் அத்துவாரங்களையே நம்பியிருக்கின்றன. நீரும் பொலிஷும் உட்புகாமல் அவற்றை மூடிக்கொண்டு கழுவுவதே முறை. அன்றும் மூடினார்கள். வெள்ளி நிறமான சாதாரண ஒட்டு நாடாவால் மூடினார்கள். வேலை முடிந்தபின் அதை உரித்தெடுக்க மறந்தார்கள். உலோகத்தின் நிறமும் நாடாவின் நிறமும் ஒன்றாயிருந்தன. மேற்பார்வை செய்தோர் காணவில்லை. புறப்படுமுன் விமானத்தைச் சுற்றிவந்து பார்த்தபோதும் அது கண்ணிற் படவில்லை.

நள்ளிரவு கடந்து விமானம் சிலி நாட்டுத் தலைநகர் சந்தியாகோவை நோக்கிக் கிளம்பியது. கீழே இருண்ட கடல். கருவிகள் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசத் தொடங்கின. வேகம் கூடிவிட்டதென ஒரு எச்சரிக்கை. வேகம் குறைந்து விழப்போகிறதென இன்னொன்று. விமானிகள் தம் உயரத்தைத் தரையிலிருந்த கட்டுப்பாட்டாளரிடம் கேட்டார்கள். அவருடைய திரையில் தெரிந்த எண்ணும் அதே விமானத்தின் பொய்த்துப்போன கருவி அனுப்பிய எண்தான். நிலம் நெருங்குகிறதென்று எச்சரித்த கருவி மட்டும், வேறு வழியாக உயரத்தை அளப்பதால், உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்தது. அத்தனை பொய்களுக்கிடையே அந்த ஒரு மெய்யை எப்படி இனங்காண்பது? உயரமானி ஏறத்தாழ 9,700 அடியைக் காட்டிக்கொண்டிருந்தபோது இறக்கை கடல்நீரைத் தொட்டது. 70 பேரும் மாண்டனர்.

நாடாவை ஒட்டிய தொழிலாளிமேல் வழக்குத் தொடரப்பட்டது, தண்டனையும் விதிக்கப்பட்டது. அன்று முதல் இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அவரோடு கதையை முடித்துவிடுகிறார்கள்.

அவர் குற்றமற்றவர் என்று வாதாட நான் வரவில்லை. ஒட்டியவரே உரிக்க வேண்டும் என்பதற்கு விமான சாஸ்திரம் படித்திருக்கத் தேவையில்லை. ‘பாவம், ஏழைத் தொழிலாளி, அவருக்கென்ன தெரியும்’ என்று இரக்கப்பட்டு அவரை முற்றாக விடுவிப்பதும் ஒருவகை அவமதிப்பே. பொறுப்பேற்க முடியாதவர் என்று ஒருவரைச் சொல்வது, அவரை முழு மனிதராக மதிக்கவில்லை என்று சொல்வதற்குச் சமம்.

ஆனால் குற்றத்தின் கனத்தை அளக்குமிடத்து அறிவையும் சம்மதத்தையும் பார்க்க வேண்டுமென்று ஞானோபதேச வகுப்பிலேயே படித்தவர்கள் நாம். அந்தத் துவாரம் அடைபட்டால் விமானம் குருடாகும் என்பது தொழிலாளிக்கு எந்த அளவுக்குத் தெரிந்திருந்தது? தெரிந்திருக்க வேண்டுமாயின் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியவர் யார்? கண்ணைப் பறிக்கும் நிறத்தில் உறை வாங்கிக் கொடுக்க வேண்டியவர் யார்? அறியாமை சில வேளைகளில் அதை உடையவரின் குற்றமாக இருப்பதில்லை. அதைப் போக்கக் கடமைப்பட்டும் போக்காதிருந்தவரின் குற்றமாக இருக்கிறது. மேலே போகப் போக அறிவு கூடுகிறது, சம்பளமும் கூடுகிறது. பழி மட்டும் ஏன் கீழ்நோக்கியே ஓடுகிறது?

இதற்கு நேர்மாறான ஒரு சம்பவமும் உண்டு. 2008ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பிரான்சின் பெர்ப்பினியான் நகரில், எயார் நியூசிலாந்துக்குத் திருப்பிக் கொடுப்பதற்காக ஒரு எயார்பஸ் ஏ320 விமானம் புதுப் பெயின்ற் அடிக்கப்பட்டு நீரால் அலசப்பட்டது. இங்கே மூடியதை எடுக்க மறக்கவில்லை, மூடவேயில்லை. விமானத்தின் மூக்கு காற்றை எதிர்கொள்ளும் கோணத்தை அறியும் கருவிகளுக்குள் நீர் புகுந்து, மேலே சென்றதும் உறைந்தது. மூன்றில் இரண்டு அசையாமல் நின்றுவிட்டன. 27ஆம் திகதி சோதனைப் பறப்பின்போது விமானம் மத்தியதரைக் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த எழுவரும் இறந்தனர். விமானிகள் மிகத் தாழ்வான உயரத்தில் வேகத்தைக் குறைத்துச் சோதித்ததையும் விசாரணை அறிக்கை காரணமாகக் காட்டியது. ஒரு மரணத்துக்குப் பல கைகள் சேர்ந்திருக்கலாம் என்பதை அவ்வறிக்கை படிப்போர் உணர்வர்.

தவறு நேருமுன் அதைச் சொல்ல வைப்பது எப்படி என்பதையும் விமானத்துறை சிந்தித்திருக்கிறது. 1976 முதல் அமெரிக்காவின் நாஸா நிறுவனம் ஓர் ஏற்பாட்டை நடத்தி வருகிறது. தெரியாமற் செய்த பிழையை 10 நாட்களுக்குள் தாமாகவே எழுதி அறிவிப்பவரின் பெயர் மறைக்கப்படும். அதிகாரிகளின் தண்டனையிலிருந்தும் பெரும்பாலும் அவருக்கு விலக்குக் கிடைக்கும். விபத்துகளும் வேண்டுமென்றே செய்த குற்றங்களும் இதில் அடங்கா. சொன்னவரைத் தண்டிக்காவிட்டால்தான் சொல்வார்கள் என்ற இந்த ஞானம் நம் வாசகர்களுக்குப் புதிதாகத் தோன்றாது.

எனினும் இச்சலுகை காப்பது சான்றிதழை. சான்றிதழே இல்லாத கழுவும் தொழிலாளிக்கு இதனால் ஆவது கொஞ்சமே. அவர் அஞ்சுவது அரசாங்கத்துக்கல்ல, முதலாளிக்கு. விமானத்தின் ஒவ்வோர் அங்குலத்தையும் கையால் தடவிப் பார்ப்பவர் அவரே. ஒரு நெளிவோ, எண்ணெய்க் கசிவோ, தளர்ந்த ஆணியோ முதலில் அவர் கண்ணிற்றான் படும். ‘உன் துணிதான் கீறியிருக்கும்’ என்று பழி வருமென்றால் அவர் வாய் திறப்பாரா?

இன்று நீண்ட சிவப்பு நாடா தொங்கும் உறைகள் இதற்கென்றே கிடைக்கின்றன. மூடியவற்றை எண்ணி எழுதிவைத்து, கழற்றியபின் மீண்டும் எண்ணி, ‘ஏழு மூடினேன், ஏழும் எடுத்துவிட்டேன்’ என்று விமானியிடம் நேரிற் சொல்லிவிட்டுப் போகலாம். அதற்கு அரை மணி நேரம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். பளபளப்பு முதலாளியின் கண்ணுக்குத் தெரியும். இந்த அரை மணி தெரியாது. கூலி பேசும்போது அதையும் கணக்கில் சேர்க்கிறார்களா என்பதை, கொடுப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.