எத்தனை விநாடி காத்திருக்கலாம்?

லினக்ஸில் ‘கில்’ என்றொரு கட்டளை இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் வேலையை, அதாவது ஒரு ப்ராசஸை, டெர்மினலில் இருந்தே நிறுத்துவதற்கு அதைத்தான் எல்லாரும் பயன்படுத்துகிறோம். பெயர்தான் பொருந்தவில்லை. கில் செய்வதெல்லாம் ஒரு சிக்னலை அனுப்புவது மட்டுமே. ‘கில் மைனஸ் 0’ என்று அடித்தால் சிக்னல்கூடப் போகாது. அப்படியொரு ப்ராசஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லும். கன்ட்ரோல்-இசட் அடித்து நிறுத்திவைத்த வேலையை மறுபடி ஓடவைப்பதற்கும் இதே கில் உதவும்.

எண் எதுவும் கொடுக்காவிட்டால் போவது 15ஆம் சிக்னல், ‘டெர்ம்’. முடித்துக்கொள் என்ற வேண்டுகோள் அது. ப்ராசஸ் அதைக் கேட்டு, கையிலிருப்பதை ஒதுங்க வைத்துவிட்டுக் கிளம்பலாம். காதில் விழாத மாதிரியும் இருக்கலாம். 9ஆம் சிக்னலில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ப்ராசஸுக்குத் தெரிவதற்குள் கர்னல் அதைத் தூக்கிவிடும்.

அவசரத்தில் பலரும் நேராக மைனஸ் 9க்குத்தான் போகிறார்கள். ப்ராசஸுக்கு என்ன, வலிக்கவா போகிறது? வலிக்காது. அப்புறம் எதற்கு 15 என்ற மரியாதை?

பாதியில் நிற்கிற வேலை எது என்பது அந்த ப்ராசஸுக்குத்தான் தெரியும், அதனால்தான். வெளியிலிருந்து பார்க்கிற நமக்குத் தெரிவது எத்தனை சதவீதம் சிபியூ, எவ்வளவு மெமரி என்பதுதான். உள்ளே அது ஆயிரம் வரி எழுதவேண்டிய ஃபைலில் அறுநூறு வரி எழுதியிருக்கும். ‘நான் ஓடிக்கிட்டிருக்கேன், வேற யாரும் வராதீங்க’ என்று ஒரு பூட்டு ஃபைலைப் போட்டு வைத்திருக்கும். மைனஸ் 9 போட்டால் கர்னல் மெமரியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும், திறந்திருந்தவற்றை மூடும். அறுநூறோடு நின்ற ஃபைலும் அந்தப் பூட்டும் அங்கேயே கிடக்கும். அடுத்து வருகிறவர் ‘ஏற்கெனவே ஓடுகிறது’ என்ற எரரைப் பார்த்து மண்டை காய்வார்.

ஆக, முதலில் டெர்ம் அனுப்புவதில் இரக்கம் எதுவும் இல்லை. எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று உனக்குத் தெரிந்திருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

இதற்காக 9ஐ எடுத்துவிட முடியுமா? முடியாது. மறுக்கிற உரிமை முழுசாக இருந்தால், கெட்டுப்போன ஒரே ஒரு ப்ராசஸ் மொத்த மெஷினையும் பிடித்து வைத்துக்கொள்ளும். எனவே கேட்பது, காத்திருப்பது, அதற்கும் மசியாவிட்டால் கட்டாயப்படுத்துவது என்பதுதான் வரிசை. தனியாக எதுவும் சொல்லாவிட்டால் டாக்கர் 10 விநாடி காத்திருக்கும், குபர்நெட்டிஸ் 30 விநாடி, சிஸ்டம்-டி வழக்கமாக 90. அதன் பிறகுதான் 9.

சிக்கல் அந்த எண்ணில் இருக்கிறது. முடித்துக்கொள்ள 12 விநாடி தேவைப்படுகிற ப்ராசஸுக்கு 10 விநாடி கொடுத்தால் அது வெறும் சடங்கு. கேட்ட மாதிரியும் ஆயிற்று, கொன்ற மாதிரியும் ஆயிற்று. நல்லவேளையாக, குபர்நெட்டிஸில் அப்ளிகேஷனை அமைக்கிறவரே எவ்வளவு நேரம் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். உள்ளே நடப்பதை அறிந்தவர் சொல்கிற கணக்கு அது. நிறுத்துகிறவரின் வசதியை மட்டும் பார்த்து வைத்த கணக்கைவிட அதுதான் நியாயமானது.

சர்வருக்கு இவ்வளவு யோசிக்கிற எங்கள் துறையில் ஆட்களை எப்படி அனுப்புகிறோம்? காலையில் லேப்டாப்பைத் திறந்தால் பாஸ்வேர்டு வேலை செய்யாது. சொந்த மெயிலுக்கு ஒரு கடிதம் வந்திருக்கும். பாதுகாப்புக் காரணம் என்பார்கள். கோபத்தில் டேட்டாபேஸை அழித்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். அந்தப் பயத்தைப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் டேட்டாபேஸ் அனுமதியை மட்டும் எடுத்துவிட்டு, பொறுப்பை ஒப்படைக்க ஒரு வாரம் கொடுப்பதற்கு எந்தத் தொழில்நுட்பமும் தடையாக இல்லை.

ப்ராசஸுக்கு இல்லாத வலி மனிதருக்கு உண்டு. அதைச் சொன்னால் நிர்வாகம் உணர்ச்சிவசப்படாதீர்கள் என்கும். சரி, வலியை ஒதுக்கி வைத்துவிட்டே பார்ப்போம். எந்த ஸ்கிரிப்ட் எதற்காக ராத்திரி இரண்டு மணிக்கு ஓடுகிறது, எந்த வாடிக்கையாளருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது என்பதெல்லாம் அவர் தலையில்தான் இருந்தது. அவர் போட்ட பூட்டுகள் அப்படியே கிடக்கின்றன. அவற்றில் முட்டிக்கொள்ளப்போவது உத்தரவு போட்டவர் இல்லை, பக்கத்து சீட்டில் மிச்சமிருப்பவர்.

அவர் ஒரு ராத்திரி தயங்கித் தயங்கி போன் செய்வார்: “ப்ரோ, தப்பா நினைக்காதீங்க. அந்த ஸ்கிரிப்ட் எங்க இருக்கு?” வேலை போனவர் அந்த போனை எடுத்துப் பதில் சொன்னால், அது முழுக்க அவருடைய பெருந்தன்மை.