பட்டிக்கு அடியில்

ஒடுக்கு விழுந்த வண்டியை டிங்கரிங் பட்டறையில் விட்டால், பல இடங்களில் முதலில் திறப்பது பட்டி டப்பாவைத்தான். பாலியெஸ்டர் பிசினும் டால்க் மாவும் கலந்த பசை அது. ஹார்ட்னர் சேர்த்துக் குழைத்தால் சற்று நேரத்தில் இறுகிவிடும். தேய்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டால் குழி இருந்த சுவடே தெரியாது. ஆனால் குழி அங்கேயேதான் இருக்கிறது. கனமாக அப்பிய பட்டி வண்டியின் அதிர்வில் விரிசல் விடும், ஈரத்தை உறிஞ்சும். அதற்கு அடியில் தகடு சத்தமில்லாமல் துருவேறும். மேலே பெயிண்ட் உப்பிக்கொண்டு வரும்போதுதான் நமக்குத் தெரியவரும். சரிசெய்வது எதுவரை, மறைப்பது எங்கே தொடங்குகிறது என்று என்னை யோசிக்க வைத்தது அப்பா விட்டுப்போன லாரிதான்.

அறுபதுகளின் டாடா மெர்சிடிஸ் பென்ஸ். டெல்கோ கம்பெனி ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு 1954இல் கைகோத்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்தது. 1969இல் ஒப்பந்தம் முடிந்ததும் முகப்பில் இருந்த நட்சத்திரம் போய் ‘டி’ எழுத்து வந்தது. எங்கள் வண்டியில் நட்சத்திரம் இன்னும் இருக்கிறது. கம்பெனியிலிருந்து வந்தது சேசிஸும் மூக்குப் பகுதியும்தான். கேபினும் கதவும் இந்தப் பக்கத்துப் பட்டறையில் மரச்சட்டம் கட்டித் தகடு அடித்தவை. எங்கள் ஆரணி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டுதான் நினைவுக்கு வரும். இந்த லாரி சுமந்ததெல்லாம் நெல். சேத்துப்பட்டு, வந்தவாசிப் பக்கமிருந்து ஆரணி ரைஸ்மில்களுக்கு மூட்டை மூட்டையாக.

வீட்டுக் கொட்டகையிலேயே வேலையைத் தொடங்கினேன். தொழிலை விட்டு ஓய்ந்திருக்கும் டிங்கர் மேஸ்திரி ஒருவர் வந்து வழி காட்டுகிறார். “கடைசியா விழுந்த அடிய மொதல்ல எடு தம்பி” என்றார். மட்கார்டில் அதன் நியாயம் புரிந்தது. நடுவில் தெரிகிற பெரிய பள்ளம் வெறும் தொய்வு. அதைச் சுற்றிக் கடைசியாக மடிந்து நிற்கிற வரம்புகள்தான் பள்ளத்தைப் பூட்டி வைத்திருக்கின்றன. பள்ளத்தையே ஓங்கி அடித்தால் தகடு நீண்டு இன்னும் கெடும். பின்பக்கம் டாலி என்னும் இரும்புக் கட்டையை அணைத்துக்கொண்டு வரம்பை மெல்லத் தட்டித் தட்டித் தளர்த்தினால், பள்ளம் பாதிக்கு மேல் தானே எழுந்துவிடுகிறது. அப்படியும் நீண்டுபோன இடம் சில இருக்கும். அங்கே காசளவு வட்டத்தைக் கேஸ் டார்ச்சில் சிவக்கக் காய்ச்சி, தட்டி, ஈரத்துணியால் அணைக்க வேண்டும். சுருங்கும். முன்பிருந்த தகடாக அது ஒருநாளும் ஆகாது. அடிபட்ட இரும்பு கெட்டிப்பட்டுவிடுகிறது. அதன் குணத்தை அறிந்து அதோடு சேர்ந்து போகத்தான் முடியும்.

மேடு பள்ளத்தைக் கண் பிடிக்காது. மெல்லிய துணியை விரித்து அதன்மேல் உள்ளங்கையை ஓட்டிப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுத் தறிக்காரர் ஒருநாள் வந்தார். நான் முடிந்தது என்று நினைத்த மட்கார்டில் கையை ஓட்டி, ஓரிடத்தில் நின்று, “இங்க இன்னும் நிக்குது பாரு” என்றார். சாக்பீஸால் வட்டம் போட்டு அரம் பிடித்தேன். வட்டத்துக்குள் மட்டும் இரும்பு பளிச்சென்றது. பாவில் அறுந்த இழையை விரலால் தேடுகிற கை அது.

பட்டி தேய்க்கும் தூசிக்கு நான் அஞ்ச வேறொரு காரணமும் உண்டு. காலையில் தெருவில் பாவு நீட்டுவார்கள். பட்டு நூலில் அந்த மாவு படிந்தால் ஒரு குடும்பத்தின் உழைப்பு போச்சு. இரும்பையே சமமாக்கி எடுத்தால் பட்டி தாளளவுதான் தேவைப்படும். தூசியும் அவ்வளவுதான்.

“ஓடாத வண்டிக்கு இவ்வளவு எதுக்கு?” என்று வீட்டில் கேட்கிறார்கள். பழைய வண்டி என்ற பதிவும் இதற்குக் கிடைக்காது. 2021இல் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவு விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டிய, சொந்த உபயோக இருசக்கர வண்டிகளுக்கும் கார்களுக்கும் அது பொருந்தும். லாரிக்கு அதில் இடமில்லை. ஊருக்குச் சோறு சுமந்த வண்டியையும் சேர்த்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சேர்க்காததால் என் வேலையில் எதுவும் குறையப் போவதில்லை. எந்தக் கண்காட்சிக்கும் இது போகாது. பளபளப்பு காட்டி யாரையும் நம்பவைக்க வேண்டிய அவசியம் இல்லாதபோது, ஒளிந்திருக்கும் துருவைத் தேடிப் போக மனம் துணிகிறது.

மீதி இருப்பது இடதுபக்கக் கதவு. அதன் வெளித்தகடு, ஜன்னலுக்குக் கீழே, கை அகலத்துக்கு லேசாகக் குழிந்திருக்கிறது. எந்த மோதலாலும் வந்ததல்ல. கிளீனர்கள் தட்டிய இடம் அது. ரிவர்ஸ் எடுக்கும்போது “வரலாம், வரலாம்” என்று தட்டுவார்கள். நிறுத்த ஓங்கி ஒரு தட்டு. எத்தனையோ பேர் அந்த வேலைக்கு வந்து போனார்கள். ஒருவர் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை. மேஸ்திரி அதையும் எடுத்துவிடலாம் என்கிறார். தொழில்காரர் அப்படித்தான் சொல்வார். நான் ஒப்பவில்லை. மடிப்பு இல்லை, விரிசல் இல்லை, தண்ணீரும் தங்காது. தகட்டைக் கழற்றி உள்பக்கத் துருவைச் சுரண்டி, இற்றுப்போன மரச்சட்டத்தை மாற்றி, பிரைமர் அடித்து, அந்தக் குழிவோடேயே பெயிண்ட் அடிக்கப் போகிறேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பிரைமர் காயாது. அதற்குள் முடிக்க வேண்டும்.