பூக்காத வருடங்கள்

பாலைவனம் மழை பெய்தால் பூக்கும். கோலா பிலாவுக்கு வடக்கே பாசோ காடு, பெரும்பாலும் மழை தவறினால்தான் பூக்கும். மெராந்தி மரங்கள் வருடக்கணக்கில் சும்மா நிற்கும். வறட்சியும் குளிர்ந்த இரவுகளும் வந்தால் காடே சேர்ந்து பூக்கும். 1996, 2001, 2002, 2005 என்று அதற்கு ஒரு கணக்கு வழக்கே கிடையாது.

பாலைவனத்தில் காத்திருப்பது விதை. மண்ணுக்குள் பல வருடம் கிடக்கும். மெராந்தி விதைக்கு அந்தப் பொறுமை இல்லை. விழுந்த கொஞ்ச நாளில் முளைக்கணும், இல்லாவிட்டால் செத்துவிடும். இங்கே காத்திருப்பது மரம்.

காட்டைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள். செம்பனை வருடம் முழுக்கக் குலை தள்ளும். அந்தக் கணக்கில் மெராந்தி தண்டம்தான். சரி, வெட்டியாச்சு. இனி அது பூத்திருக்குமா என்று யார் சொல்வது? 'பயனில்லை' என்ற தீர்ப்பு சாட்சியையும் சேர்த்தே வெட்டிவிடுகிறது.

எஸ்பிஎம் முடிவைப் பார்த்து, 17 வயதுத் தோட்டத்துப் பையனை "இவன் தேறமாட்டான்" என்று படிப்பை நிறுத்தும்போதும் இதுதான் நடக்கிறது. எல்லாரும் ஒருநாள் பூப்பார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் நிற்கவிட்டால்தானே தெரியும்? காத்திருக்கச் செலவாகும். அதை யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் நாம் பையனின் தகுதியைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.